படத்துக்கு வெளியே வருகிறவர் யார்?

ஓவியம் பார்ப்பதற்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. கண் இருக்கிறவன் பார்க்கிறான், பிடித்தால் ரசிக்கிறான், இதில் என்ன அரசியல் என்று கேட்கிறார்கள். பார்வை என்பது பழக்கப்படுத்தப்படுகிற ஒன்று. எதன் முன்னால் கைகூப்ப வேண்டும், எதை அழகு என்று சொல்ல வேண்டும், எதைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டும் என்பதையெல்லாம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி தொடங்கி கல்லூரி வகுப்பறை வரைக்கும் நமக்கு ஊட்டிக்கொண்டே வருகிறார்கள். ஊர் என்றும் சேரி என்றும் பிளந்து கிடக்கிற சமூகத்தில் கண்ணும் ஊர்க்கண்ணாகத்தான் வளர்க்கப்படுகிறது. நம்ம சனங்க வீட்டிலும் அப்படித்தான்.

ஒரே ஒரு ஓவியத்தை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். தென்சென்னைப் புறநகரில் ஒரு கல்லூரியில் நான் மாணவனாக இருந்தபோது, விக்டோரியா காலத்து ஓவியம் ஒன்றையும் அதை வரைந்தவரையும் ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. பாதிப் பேர் இங்கிலாந்து ஓவியர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் ராஜா ரவிவர்மாவை எடுத்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, கன்னிமாரா நூலகத்துக்கும் பக்கத்து அருங்காட்சியகத்துக்குமாக அலைந்தேன். அந்த வளாகத்தில் சிவப்பாக நிற்கிற ஓவியக்கூடக் கட்டடமே 1909இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டதுதான். ராணி செத்தும் நம் தலைக்கு மேல் கூரையாக இருந்தாள்.

நான் எடுத்த படம், 1893இல் ரவிவர்மா வரைந்த 'அதோ அப்பா வருகிறார்'. ஒரு இளம் தாய் நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. பக்கத்தில் ஒரு நாய். தாய் குழந்தைக்குக் கைகாட்டுகிறாள். அப்பா வருகிற திசை அது. ஆனால் அப்பா படத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே எங்கேயோ வந்துகொண்டிருக்கிறார். அந்தப் பெண் கற்பனை அல்ல. ரவிவர்மாவின் மூத்த மகள் மகாபிரபா. இடுப்பில் இருப்பது அவருடைய பிள்ளை. இப்போது படம் திருவனந்தபுரம் கவடியார் அரண்மனையில் இருக்கிறது.

படத்தில் தேர்ச்சி இருக்கிறது. அதை மறுத்துப் பேசுவது நம் வேலை இல்லை. துணியின் மடிப்பில் விழும் நிழல், தோளின் வளைவு, சதையின் மினுமினுப்பு எல்லாமே ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கரைத்துக் குடித்தவனின் கை. 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் ரவிவர்மா இதைக் கற்றார் என்பார்கள். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தன் வித்தையைச் சொல்லித்தர மறுத்துவிட்டாராம். இதைச் சொல்லி ரவிவர்மாவை ஏகலைவனோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏகலைவனுக்குப் போனது கட்டைவிரல். கிளிமானூர்க் கோயில் தம்புரான் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது அரண்மனையில் இடம், 1873 சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம், 1904இல் வெள்ளை அரசின் கைசர்-ஏ-ஹிந்த் பதக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்தப் படத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஜி. அருணிமா கேரளத்தின் தாய்வழி முறை சிதைந்ததைப் பற்றி எழுதிய நூலுக்கே இந்தப் படத்தின் பெயரைத்தான் வைத்தார். தாயும் தாய்மாமனும் மையமாக இருந்த குடும்பத்துக்குள் 'அப்பா' என்கிற ஆள் தலைவனாக நுழைகிற காலத்தின் அடையாளமாக இந்தப் படம் வாசிக்கப்படுகிறது. நல்ல வாசிப்புதான். விக்டோரியா காலத்து ஒழுக்கம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று அது நமக்குக் காட்டுகிறது.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அப்பா எந்த வழியாக வருகிறார்? அவர் நடந்து வருகிற அந்தத் தெருவில் வேறு யார் நடக்கலாம்? அந்த நாய் நிற்கிற இடத்தில் ஒரு புலையர் நிற்க முடியுமா?

1893 திருவிதாங்கூரில் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாய் நிற்கலாம், புலையர் நிற்க முடியாது. வீட்டருகில் என்ன, பொதுச் சாலையிலேயே நடக்க முடியாது. அடிமை முறையை ஒழித்ததாக 1855இல் அறிவித்துவிட்டார்கள். சாலை மட்டும் மூடியே கிடந்தது. அந்த 1893இல்தான் வெங்ஙானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்து, மேல்துண்டு போட்டு, தலைப்பாகை கட்டி, மாட்டுக்கு மணி கட்டி, தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் வண்டியை ஓட்டினார். வழிமறித்தவர்களைக் கத்தியைக் காட்டி எதிர்கொண்டார்.

ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு தாய் சாலைப் பக்கம் கைகாட்டி 'அதோ அப்பா' என்கிறாள். அதே நாட்டின் சாலையில் ஒரு மனிதன் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். அவன் வருவதைச் சுட்டிக்காட்ட அந்தப் படத்தில் ஒரு விரலும் இல்லை. அதே ஆண்டு ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் கப்பலேறி சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசும் வாங்கின. படத்துக்குக் கடல் தாண்ட வழி கிடைத்த ஆண்டில், மண்ணில் உழைத்தவனுக்குத் தெரு தாண்ட வழி கிடையாது.

கதை இத்தோடு முடியவில்லை. படத்தில் நிற்கிற மகாபிரபாவுக்கு 1895இல் ஒரு மகள் பிறந்தாள். பெயர் சேது லட்சுமி பாயி. 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் அவளைத் தத்தெடுத்தது. 1924இல் அவரே திருவிதாங்கூரை ஆளும் ராணியானார். அப்போது நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது என்ன? வைக்கம் போராட்டம்! கோயிலைச் சுற்றியிருக்கிற தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம். பெரியார் சிறைக்குப் போன போராட்டம். 1925 பிப்ரவரியில் தெருவைத் திறக்கச் சொல்லும் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அந்த ஆண்டு இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. ரவிவர்மாவின் இன்னொரு மகளான உமாவின் பேரன்தான் 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவு அறிவிப்பில் கையெழுத்திட்ட சித்திரைத் திருநாள் மகாராஜா.

ஆக, மகளைப் படமாக வரைந்த குடும்பம்தான் தெருவுக்குப் பூட்டு போட்டு வைத்திருந்த அரண்மனையோடு கலந்தது. பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததும் அதே குடும்பத்தின் கைதான். அந்தக் கையைத் திறக்க வைத்தது 1893இன் வில்வண்டி. வரலாற்றுப் பாடத்தில் கையெழுத்துப் போட்ட ராஜாவின் பெயர் இருக்கும். வண்டி ஓட்டியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

துணியைப் பற்றியும் பேசியாக வேண்டும். ரவிவர்மா வரைந்த துணியைப் பாராட்டாத விமர்சகர் கிடையாது. அவர் பிறந்த திருவிதாங்கூரில் துணி என்பது ரத்தம் சிந்திய விஷயம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822இலிருந்து அடிபட்டு உதைபட்டுப் போராடினார்கள். 1859இல் அரசு இறங்கி வந்தது. அப்போதும் என்ன சொன்னது? குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மீனவப் பெண்களைப் போல உடுத்தலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது! அப்போது ரவிவர்மாவுக்கு வயது 11. அவர் பின்னாளில் மெருகோடு தீட்டிய அந்த மேல்துணி, உழைக்கிற பெண்கள் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுப் பாதுகாத்த துணி. வகுப்பில் இதற்கு 'இந்தியப் பெண்மையின் நளினம்' என்று பெயர்.

நகையும் அப்படியே. ரவிவர்மாவின் பெண்கள் மேல் தங்கம் மின்னுகிறது. புலையப் பெண்களின் கழுத்தில் கல்மாலை. அடிமை அடையாளமாக அதைத்தான் அவர்கள் அணிய வேண்டும் என்பது சாதிக் கட்டளை. 1915இல் பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள், கலவரம் வெடித்தது. பிறகு கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டம் போட்டு, அய்யன்காளி சொல்ல, பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். மாலை குவியலாகக் கிடந்ததாம். இந்தியக் கலை வரலாற்றில் நகை பற்றிய மிகப் பெரிய காட்சி எது என்று என்னைக் கேட்டால், அந்தக் குவியலைத்தான் சொல்வேன். அதை வரைய ஒரு ரவிவர்மா இல்லை.

'இல்லாததை ஏன் கேட்கிறாய், தனக்குத் தெரிந்ததைத்தானே ஒருவர் வரைவார்' என்று தோழர்கள் சிலரே கேட்டார்கள். சரி. படத்துக்குள் இல்லாதவர் உள்ளே வர முயன்றால் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1928இல் ஜே.சி. டேனியல் 'விகதகுமாரன்' என்ற முதல் மலையாளப் படத்தை எடுத்தார். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது மேல்சாதியினர் கொதித்தார்கள். திரை மீது கல் எறிந்தார்கள். ரோசி ஊரை விட்டே துரத்தப்பட்டு தமிழ்நாட்டுப் பக்கம் வந்து முகம் தெரியாமல் வாழ்ந்து முடிந்தார். நாயர் பெண்ணின் உடுப்பை, அவள் நிற்பதை, அவள் நாணத்தை 'அழகு' என்று ரவிவர்மா காலத்திலிருந்து பழகிய கண்கள், அதே உடுப்பில் ஒரு புலையப் பெண் நின்றதும் கல்லைத் தூக்கின. அப்படியென்றால் அவர்கள் ரசித்தது துணியையா, நிழலையா, சாதியையா?

அடுத்தது, அச்சுப் படங்கள் பற்றிய வாதம். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமி, சரஸ்வதி படங்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார். கோயிலுக்குள் போக முடியாதவர்களின் குடிசைக்கும் கடவுள் வந்தார், இது பெரிய ஜனநாயகம் என்கிறார்கள். எங்க பாட்டியிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "சாமிய நம்ம வூட்டுக்குள்ள வர வெச்சிட்டானுங்க. நம்மள சாமி வூட்டுக்குள்ள வுடலியே. இதுல என்னாடா பெரும?"

இதற்கு மேல் என்ன விமர்சனம் வேண்டும்? சேரிக்குள் படம் வந்தது, கூடவே சிவந்த தோலும் கூரிய மூக்கும் பட்டுச் சேலையும்தான் தெய்வம் என்கிற பாடமும் வந்தது. நம் வீட்டுக் கருத்த பெண்பிள்ளை கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெறுப்பதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம். நம் காட்டேரியும் மாரியும் இருந்த இடத்தில் ஜரிகைச் சேலை லட்சுமி குடியேறினாள். அந்தக் கண் இன்னும் சாகவில்லை. 2020இல்கூட, சென்னையில் நடிகைகளை நிறுத்தி ரவிவர்மா ஓவியங்களைப் போலவே புகைப்படம் எடுத்து நாள்காட்டி போட்டார்கள். எல்லாரும் கொண்டாடினார்கள்.

என் கட்டுரையில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். 'எடுத்த பொருளுக்கு வெளியே செல்கிறது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்கள். வெளியே என்பது சரியான வார்த்தைதான். அப்பா வெளியே இருக்கிறார் என்று பேசினால் அது கலை ஆராய்ச்சி. புலையர் வெளியே இருக்கிறார் என்று பேசினால் பொருளுக்கு வெளியே!

எங்க வீட்டிலும் அப்பா வருவார். திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். புருவம் வரைக்கும் கல்தூள் படிந்து, ரயில் பாதையோரமாக நடந்து வருவார். 'அப்பா வராரு, தண்ணி எடுத்து வைடா' என்று அம்மா சொல்லும். நகரத்தின் வீடுகளுக்கு அடித்தளமாகப் போன கல் அது. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிட்ட கைகளும் உண்டு. குரோம்பேட்டை என்கிற பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். வேலை முடிந்து வருகிற இந்த அப்பாக்களை வரைந்த ஓவியம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது, நமக்கென்று வேறு ஒரு 1893 இருக்கிறது. நாம் இருக்கிற மண் செங்கல்பட்டு மண். இடையில் மாவட்டப் பெயர்கள் மாறி, 2019 முதல் தாம்பரம் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம்தான். 1891இல் இந்த மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை ஊர் ஊராக விசாரித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாமல், ஊரார் நினைத்தால் துரத்தலாம் என்கிற நிலையை அது எடுத்து வைத்தது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வேர். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டு பத்திரிகை வந்தது. கொடுத்த நிலம் எங்கே போனது என்று கேட்டுக் காரணை மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். நூறாண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட அறிக்கையின் அடுத்த பக்கம் அது.

1893இல் எடுக்கப்பட்ட மூன்று முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் தூரிகையை எடுத்தார். ஒருவர் வண்டியை எடுத்தார். ஒருவர் அச்சு எழுத்தை எடுத்தார். முதலாவது மட்டும்தான் கலை என்றும், மற்ற இரண்டும் சமூக இயல் என்றும் நமக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினையை ஒப்புக்கொண்டால், அழகு அவர்களுக்கு, அழுகை நமக்கு என்றாகிவிடும்.

அதனால் ரவிவர்மாவைத் தூக்கி எறியுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. போய்ப் பாருங்கள். கிட்டத்தில் நின்று பாருங்கள். வண்ணத்தை எப்படிக் குழைத்தான், வெளிச்சத்தை எங்கிருந்து விழ வைத்தான் என்று கற்றுக்கொள்ளுங்கள். அந்த வித்தை எவன் பாட்டன் சொத்தும் இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே இன்னும் அதிகமாகப் போக வேண்டும். போகிறவர்கள் லட்சுமியை இன்னும் அழகாக வரைவதற்காகப் போகக் கூடாது. நாகபுரியிலிருந்து வந்த தலித் ஓவியர் சவி சாவர்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட தீண்டப்படாதவரை வரைந்தார். பார்க்கிறவன் கண்ணைக் கூசவைக்கிற கோடுகள். நளினம் தேடிப் போனால் கிடைக்காது. நூறாண்டு நளினத்துக்கு அதுதான் பதில்.

பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் குறையுமே என்று கேட்கிற தம்பிகளும் தங்கைகளும் உண்டு. குறையலாம். அவர்கள் கேட்பதை எழுதி மதிப்பெண்ணையும் வாங்குங்கள், அது நம் உரிமை. கடைசிப் பத்தியில் நம் கேள்வியையும் எழுதிவிட்டு வாருங்கள். இந்தப் படத்தில் யார் இல்லை? ஏன் இல்லை? அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? என்ன செய்துகொண்டிருந்தார்? இந்த நான்கு கேள்விகளை எந்தப் படத்தின் முன்னாலும் கேட்கலாம். அருங்காட்சியகத்தில் கேட்கலாம். சினிமாக் கொட்டகையில் கேட்கலாம். சொந்த வீட்டு நாள்காட்டியிடமும் கேட்க வேண்டும்.

திருவனந்தபுரம் வெள்ளையம்பலம் சந்திப்பில் அய்யன்காளிக்குச் சிலை இருக்கிறது. 1980இல் இந்திரா காந்தி திறந்து வைத்தது. அங்கிருந்து கிளம்பும் சாலைதான் கவடியார் அரண்மனைக்குப் போகிறது. அரண்மனைக்குள் படம், சாலைத் தலைப்பில் சிலை. படத்தில் இருக்கிற தாய் இன்னும் வெளியே கைகாட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். அந்தச் சாலையில் யார் வந்தார் என்பதை இனி நாம்தான் எழுத வேண்டும், நாம்தான் வரைய வேண்டும்.